ஏர்பிரஷ்ஷுக்குள் காய்ந்து இறுகிய சாயத்தை முழுசாக எடுப்பது எப்படி

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடித் தாழ்வாரம் முழுக்கக் காவடி வேலைதான். மயிலும் வேலும் முருகன் முகமும் வெட்டிய பாலிஸ்டைரின் பலகைகள் (மீன் பெட்டி செய்வார்களே, அந்த வெள்ளைப் பொருள்) சுவரோரம் சாய்ந்திருக்கும், நான் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் சாயத்தைப் புகைபோலத் தூவும், பேனா மாதிரியான கருவி) பிடித்து ஒவ்வொன்றாக நிறம் ஏற்றிக்கொண்டிருப்பேன். பாலிஸ்டைரின் மேல் லாக்கர் சாயம் பட்டால் பலகை கண்ணெதிரே கரைந்து குழி விழுந்துவிடும், அதனால் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. நாசிலுக்குள், அதாவது சாயம் வெளியே வரும் நுனித் துளைக்குள், காய்ந்து அடைத்துக்கொள்வதில் அதே அக்ரிலிக்தான் முதல் இடம்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஜாலான் துன் எச். எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட ஒரே நாள் இருந்தபோது, என் ஏர்பிரஷ்ஷின் ஊசி (நாசில் துளையைத் திறந்து மூடும் நீண்ட கம்பி) உள்ளேயே ஒட்டிக்கொண்டது. முந்தின இரவு அசதியில் கழுவாமல் வைத்துவிட்டேன். அவசரத்தில் பிளையரால் பிடித்து இழுத்தேன். ஊசி வளைந்து வெளியே வந்தது, நாசிலின் வாய் பிளந்தது, முருகன் முகம் பாதியில் நின்றது. பக்கத்து புளோக் அண்ணன் ஒருவர் தன்னுடையதைக் கொடுத்ததால் அந்தக் காவடி மலையேறியது. கொடுக்கும்போது அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "தம்பி, ராத்திரி பூரா காஞ்சத ரெண்டு நிமிஷத்துல புடுங்க முடியுமா? ஊற விடுப்பா."

இந்த வழிகாட்டி முழுக்க அதைத்தான் விரித்துச் சொல்கிறது. காய்ந்த சாயத்துக்கு ஏற்ற திரவமும் ஊறுவதற்கு நேரமும் கொடுத்தால் பெரும்பாலும் தானாகவே கழன்று வரும். குத்துவதும் சுரண்டுவதும் இழுப்பதும்தான் ஏர்பிரஷ்ஷைக் கெடுக்கின்றன. நான் இங்கே பேசுவது மேலே கிண்ணம் வைத்த, டிரிகரை அழுத்தினால் காற்றும் பின்னால் இழுத்தால் சாயமும் வரும் டபுள் ஆக்‌ஷன் வகை. மற்ற வகைகளிலும் அடிப்படை இதேதான், பாகங்களின் இடம் கொஞ்சம் மாறும்.

உள்ளே காய்ந்திருப்பது என்ன சாயம்?

ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதற்கு விடை தெரிய வேண்டும், ஏனென்றால் ஒரு சாயத்தைக் கரைக்கும் திரவம் இன்னொன்றை அசைக்கக்கூட செய்யாது.

வாலேஹோ, கிரியேடெக்ஸ் போன்ற தண்ணீர் அக்ரிலிக்கில், பாலில் கொழுப்பு மிதப்பதுபோல மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் வற்றியதும் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டி ஒரே தோலாகிவிடும். பாலில் ஆடை கட்டிய பிறகு அதன் மேல் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஆடை பாலாகாது அல்லவா, அதே கதைதான். அதனால் ஈரமாக இருக்கும்வரை தண்ணீர் போதும், காய்ந்த பிறகு தண்ணீரில் எத்தனை மணி நேரம் போட்டாலும் பலன் குறைவு. ஏர்பிரஷ் கிளீனர் அல்லது ஐ.பி.ஏ. எனப்படும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் அந்தத் தோலை ஊதவைத்து மெதுவாக்கும். அதற்கும் மசியாததை லாக்கர் தின்னர் அல்லது அசிட்டோன் கரைக்கும்.

டமியாவின் அக்ரிலிக் பெயரில் அக்ரிலிக் என்றாலும் ஆல்கஹாலை அடிப்படையாகக் கொண்டது, ஐ.பி.ஏ.வுக்கே நன்றாக இளகும். லாக்கர் வகை இன்னும் சுலபம், எத்தனை நாள் காய்ந்திருந்தாலும் அதே தின்னரில் மறுபடி கரைந்துவிடும், மாடல் கிட் செய்பவர்கள் லாக்கரை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகும். புதிதாக இருக்கும்போது வெள்ளை ஸ்பிரிட் போதும், நாள் கணக்கில் ஆகிவிட்டால் லாக்கர் தின்னர் வேண்டும்.

ஹெல்மெட், மோட்டார் டேங்க் வேலை செய்பவர்கள் கடைசிப் பூச்சாக அடிக்கும், ஹார்டனர் எனும் இறுக்கும் திரவம் கலந்த நிறமில்லாத டூ-கே கிளியர்தான் உண்மையிலேயே பயப்பட வேண்டியது. அதில் ஹார்டனர் சேர்ந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோலப் பிணைந்துவிடும், பிறகு எந்தத் தின்னரும் அதைக் கரைக்காது. ஊறவைத்தால் உப்பி, மெத்தென்று ஆகி, உரிந்து வரலாம், அவ்வளவுதான். டூ-கே அடித்தால் கலவை கெட்டியாவதற்கு முன்பே ஏர்பிரஷ்ஷைக் கழற்றிக் கழுவிவிட வேண்டும், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காது.

பழைய ஏர்பிரஷ்ஷை யாரிடமோ வாங்கியிருக்கிறீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால், கிண்ணத்தின் ஓரத்தில் இருக்கும் கறையில் சோதித்துப் பாருங்கள். பஞ்சுக் குச்சியில் ஐ.பி.ஏ. நனைத்து ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் வழி கிடைத்துவிட்டது. ஏறவில்லை என்றால் தின்னரில் அதே சோதனை.

ஒரு எச்சரிக்கை, இதை ஆரம்பத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஈரமான தண்ணீர் அக்ரிலிக்கோடு ஐ.பி.ஏ.வோ தின்னரோ நேராகக் கலந்தால் சில சாயங்கள் திரிந்து சூயிங்கம் மாதிரி ஆகிவிடும், அது நாசிலுக்குள் நடந்தால் காய்ந்த சாயத்தைவிட மோசம். எனவே எப்போதும் முதலில் தண்ணீர், அடுத்து கிளீனர், அதற்கும் பிறகுதான் ஐ.பி.ஏ. அல்லது தின்னர்.

என்னென்ன வேண்டும்

பெரும்பாலானவை கோலாலம்பூரில் எந்தப் பேட்டையிலும் கிடைக்கும். ஹார்ட்வேர் கடையில் லாக்கர் தின்னர், பார்மசியில் ஐ.பி.ஏ. (90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது, 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம் என்பதால் மெதுவாக வேலை செய்யும்), பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் குட்டி பிரஷ் மிகச் சின்ன அளவில் ஒரு பாக்கெட், பஞ்சுக் குச்சி, மரப் பல்குச்சி, நைட்ரைல் கையுறை, ஏர்பிரஷ்ஷோடு வந்த சின்ன ஸ்பானர். கழுவிக் காயவைத்த காயா (தேங்காய்ப்பால் ஜாம்) போத்தல் இரண்டு, கண்ணாடியில் மட்டும்தான், ஏனென்றால் பல பிளாஸ்டிக் டப்பாக்களைத் தின்னர் தின்றுவிடும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மேசை மேல் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், நாசில் அரிசி மணி அளவுதான், கீழே உருண்டால் தேடியே ராத்திரி போய்விடும்.

வாங்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். கிட்டார் கம்பி, தையல் ஊசி, மெல்லிய டிரில் பிட் வைத்து நாசிலைத் துளைக்கச் சொல்லும் காணொளிகள் நிறைய உண்டு. பல நாசில்கள் பித்தளையில் செய்தவை, இரும்பு அதைக் கீறிவிடும். உள்ளே ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பிறகு எவ்வளவு சுத்தம் செய்தாலும் சாயம் ஒரு பக்கமாகவே சீறும். நல்ல கம்பெனியின் அசல் நாசில் ஒன்று வாங்கும் காசில் மலிவான ஏர்பிரஷ் ஒன்றையே வாங்கிவிடலாம், அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் அமோனியா இருந்தால் அக்ரிலிக்கை நன்றாக இளக்கும், உண்மைதான். ஆனால் மேல் முலாம் போன இடத்தில் பித்தளையையும் அரிக்கும். கிண்ணத்தைத் துடைக்கப் பயன்படுத்துங்கள், பாகங்களை அதில் இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தோடு அது ஒருபோதும் சேரக் கூடாது, சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

தீ விஷயம். ஐ.பி.ஏ. ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விட ஆரம்பிக்கும், அசிட்டோன் உறைநிலைக்கும் கீழே. நம் ஊரில் வீட்டுக்குள்ளே 30 டிகிரி. அப்படியென்றால் மூடி திறந்த போத்தல் எப்போதுமே ஆபத்தான நிலையில்தான் இருக்கிறது. சாமி மேடையில் விளக்கு எரியும் அறையில், சாம்பிராணி போடும் நேரத்தில், அடுப்பங்கரையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஜன்னல் திறந்த இடம் அல்லது தாழ்வாரம்தான் சரி, அதிக நேரம் தின்னரோடு இருந்தால் கார்பன் ஃபில்டர் உள்ள மாஸ்க்கும் வேண்டும், சாதாரணத் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

கழற்றுவது

கம்ப்ரஸரை நிறுத்தி, குழாயில் மீதமிருக்கும் காற்றை வெளியேற்றி, ஏர்பிரஷ்ஷைக் குழாயிலிருந்து தனியாக எடுங்கள். கிண்ணத்தில் ஈரச் சாயம் இருந்தால் கொட்டிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி பிரஷ்ஷால் கலக்கித் துடையுங்கள். முழுக்கக் காய்ந்துவிட்டது என்றால் இதைத் தாண்டிப் போகலாம்.

பின்பக்கக் கைப்பிடியைக் கழற்றுங்கள். ஊசியைப் பிடித்திருக்கும் சக் நட் தெரியும், அதைத் தளர்த்துங்கள். இப்போது ஊசியை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் ஒரு சென்டிமீட்டர் அளவு பின்னால் இழுத்து நிறுத்துங்கள், முழுதாக உருவ வேண்டாம். நாசிலைக் கழற்றுவதற்கு முன் ஊசி பின்னால் வந்திருக்க வேண்டும் என்பது முக்கியம், இல்லாவிட்டால் நாசிலைத் திருகும்போது ஊசியின் முனை அதன் வாயை உள்ளிருந்து பிளந்துவிடும்.

அடுத்து முன்பக்கம் ஊசி மூடி, நாசில் மூடி இரண்டையும் கையால் திருகி எடுங்கள். நாசிலில் இரண்டு வகை உண்டு. இவாட்டாவின் பல மாடல்களில் இருப்பதுபோல மிகச் சின்ன மரையால் உடம்பில் திருகியிருப்பது ஒரு வகை. ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் போன்றவற்றில் மரை இல்லாமல் உட்கார்ந்து மூடியின் அழுத்தத்தில் நிற்பது இன்னொன்று. இரண்டாவது சும்மா கையோடு வந்துவிடும். முதலாவதுக்கு ஸ்பானர் வேண்டும், கால் சுற்று திருப்பும்போதே எளிதாக வர வேண்டும். வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மரையில் சாயம் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், பலம் கொடுத்தால் மரை முறிந்து பாதி உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். அதற்கு என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன்.

நாசில் வெளியே வந்தபின் ஊசியை முன்பக்கமாகத் தள்ளி எடுங்கள். பின்பக்கமாக உருவினால் ஊசியின் முனையில் ஒட்டிய சாயம் முழுக்க உள்ளே ஊசியைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பேக்கிங் வழியாகத் தேய்த்துக்கொண்டு டிரிகர் பக்கம் போய்ச் சேரும். டிரிகர் பிசுபிசுக்கிறது என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. ஊசி நடுவில் கொஞ்சம் பருத்திருந்து முன்னால் வராத மாடல் என்றால், பின்னால் இழுப்பதற்கு முன் முனையைத் துடைத்துவிடுங்கள்.

ஊறவைப்பது

நாசில், நாசில் மூடி, ஊசி மூடி, ஊசி இவற்றை மட்டும் காயா போத்தலில் போட்டு, அந்தச் சாயத்துக்குப் பொருந்தும் திரவத்தை மூழ்கும் அளவு ஊற்றி மூடுங்கள். ஊசியைத் தனியாக ஒரு சின்னக் குழாயிலோ ஸ்ட்ராவிலோ விடுவது நல்லது, முனை போத்தலின் அடியில் இடித்தாலே வளையும்.

முழு ஏர்பிரஷ்ஷையும் தின்னரில் மூழ்கடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, தயவுசெய்து வேண்டாம். உள்ளே கசிவை அடைக்கும் ஓ-ரிங் எனும் வளையங்கள் இருக்கின்றன. சாதாரண ரப்பர் வளையம் தின்னரிலும் அசிட்டோனிலும் ஊறினால் உப்பி, காய்ந்ததும் சுருங்கி, பிறகு காற்று கசியும். டெஃப்லான் வளையம் தாங்கும், ஆனால் உங்களுடையதில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாதவரை எல்லாம் ரப்பர் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். மூடிகளுக்குள் கறுப்பு வளையம் தெரிந்தால் ஊறவைக்கும் முன் கழற்றி எடுங்கள்.

எவ்வளவு நேரம்? ஒரு நாள் காய்ந்த அக்ரிலிக் என்றால் கிளீனரில் அரை மணி நேரம். வாரக்கணக்கு என்றால் இரவு முழுக்க. அது அசையாவிட்டால் துடைத்து உலர்த்தி லாக்கர் தின்னரில் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். நடுநடுவே போத்தலை லேசாகச் சுழற்றி விடுங்கள், கரைந்த சாயம் விலகிப் புதுத் திரவம் படும். நிறம் மாறிக் கலங்கியதும் ஊற்றிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், கலங்கின தின்னரில் கழுவினால் கழுவியதே மறுபடி ஒட்டும்.

நாசில்

இங்கே அவசரப்படவே கூடாது. 0.3 மி.மீ. துளை என்றால் அதன் நடுவில் ஊசி வேறு நிற்கிறது, சுற்றிலும் இருக்கும் வளையம் போன்ற இடைவெளி வழியாகத்தான் சாயம் வர வேண்டும். தலைமுடி பருமனுக்கு ஒரு படலம் ஒட்டியிருந்தாலே அந்த இடைவெளி ஒரு பக்கம் மூடிவிடும். நாம் துப்புகிறது, சிதறுகிறது, சாய்ந்து அடிக்கிறது என்று சொல்வதில் பெரும்பகுதி இதனால்தான்.

ஊறிய நாசிலை எடுத்து, மரப் பல்குச்சியின் நுனியைப் பிளேடால் நாசிலின் உட்புறக் கூம்பு வடிவத்துக்குச் சீவி, ஐ.பி.ஏ.வில் நனைத்து, பின்பக்கப் பெரிய வாய் வழியாக விட்டு விரல்களுக்கு நடுவில் உருட்டுங்கள். அழுத்தம் கொடுக்க வேண்டாம், மரம் பட்ட இடத்தில் மெத்தென்றிருக்கும் தோல் சுருண்டு அதோடு வந்துவிடும். நுனியைப் பாருங்கள், நிறம் ஒட்டியிருந்தால் துடைத்து மறுபடி. நிறமே வராமல் ஆனபின் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பெரிய வாய் வழியாகப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஓட்டை வட்டமாக, ஓரம் கூர்மையாக, உட்சுவர் பளபளப்பாக இருக்க வேண்டும். ஒரு ஓரம் தட்டையாகத் தெரிந்தால் இன்னும் படலம் இருக்கிறது, மறுபடி போத்தலுக்குள். 0.2 மி.மீ. நாசில் என்றால் குச்சியின் நுனி உள்ளே ஒடிந்து நிற்கும் அபாயம் உண்டு, அதற்கு ஊறலையே நம்புங்கள்.

பலர் ஏர்பிரஷ்ஷின் சொந்த ஊசியையே நாசிலுக்குள் விட்டுச் சுழற்றுவார்கள். ஊறி மெத்தென்றான பிறகு, எடையே இல்லாமல் ஒரு சுற்று சுற்றலாம். காய்ந்திருக்கும்போது தள்ளினால் ஊசி ஆப்பு மாதிரி வேலை செய்து வாயை அகட்டிவிடும். வாய் பிளந்ததா என்பதற்கு அடையாளம் மயிர் மாதிரி ஒரு கோடு, அல்லது பூட்டிய பிறகு கிண்ணத்தில் தொடர்ந்து குமிழி வருவது. பிளந்த நாசிலைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அல்ட்ராசோனிக் கிளீனர் வைத்திருப்பவர்களுக்கு (மூக்குக்கண்ணாடி கழுவுவதற்கு விற்கும் சின்னதே போதும்) இது நல்ல இடம். ஒலியதிர்வு தண்ணீரில் நுண்குமிழிகளை உண்டாக்கி வெடிக்கவைக்கிறது, குச்சி எட்டாத மூலையையும் அது எட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப் விட்டு, நாசிலையும் மூடிகளையும் போட்டு 3 முதல் 5 நிமிஷம். தொட்டியில் தின்னரோ ஐ.பி.ஏ.வோ ஒருபோதும் ஊற்றாதீர்கள், அது மின்கருவி, ஆவி தீப்பிடிக்கும். முலாம் ஏற்கெனவே உரிந்த பாகத்தைப் போட்டால் இன்னும் உரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதலில் ஊறவைத்துவிட்டுப் பிறகு இதில் போட்டால்தான் பலன், காய்ந்த அக்ரிலிக்கை நேராகப் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

உடம்பு: எல்லோரும் விட்டுவிடும் சுரங்கம்

நாசில் பளபளவென்று இருக்கும், ஆனாலும் நீலம் அடிக்கும்போது பழைய சிவப்புத் துணுக்கு வந்து விழும். அது கிண்ணத்தின் அடியிலிருந்து நாசில் வரை போகும் குறுகிய வழியில் ஒளிந்திருந்த சாயம். கிண்ணத்தை மட்டும் துடைத்தால் அது போகாது. பல் இடுக்கு பிரஷ்ஷைக் கிளீனரில் நனைத்து முன்பக்கமாக விட்டு, கிண்ணத்தின் துளை வரை முன்னும் பின்னும் தேயுங்கள், பிறகு மேலிருந்து கிண்ணத் துளை வழியாகவும். பிரஷ்ஷின் நடுவில் இருக்கும் கம்பி வெளியே தெரிய ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள். இறுகியிருந்தால் ஏர்பிரஷ்ஷை மூக்கு கீழே இருக்கும்படி பிடித்து, முன்பக்க ஓட்டையை விரலால் அடைத்து, கிண்ணத்தில் நாலு சொட்டு கிளீனர் விட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்கள். நாசில் உட்காரும் தளத்தையும் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். அங்கே துணுக்கு இருந்தால் நாசில் சரியாகப் பொருந்தாது, காற்று சாயத்துக்குள் புகும்.

அந்தச் சுரங்கத்தின் பின்முனையில் ஊசி நுழையும் பேக்கிங் இருக்கிறது. அதைக் கழற்றாமல், துடைத்த ஊசியில் கிளீனர் தடவிப் பின்னாலிருந்து விட்டு எடுத்து, விட்டு எடுத்துத் துடையுங்கள். நிறம் வருவது நிற்கும்வரை. டிரிகர் பிசுபிசுத்தால் அதையும் கழற்றித் துடையுங்கள், கழற்றும் முன் ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் ஏர் வால்வுக்குள் சாயம் போவது அபூர்வம், தேவையில்லாமல் திறக்காதீர்கள்.

ஊசியில் ஒட்டியிருப்பதைத் தின்னர் நனைத்த துணியால் பின்னிலிருந்து முனையை நோக்கி, சுழற்றியபடியே துடையுங்கள். முனையிலிருந்து பின்னோக்கித் துடைத்தால் துணி கொக்கியில் மாட்டுவதுபோல மாட்டி வளைத்துவிடும். நகத்தின் மேல் முனையைப் படுக்கவைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள், சுரண்டுவதுபோல் தட்டுப்பட்டால் வளைந்திருக்கிறது. லேசான வளைவை, கண்ணாடித் தகட்டின் மேல் முனையைச் சாய்த்து வைத்து விரலால் அழுத்தி உருட்டியபடி இழுத்து நிமிர்த்தலாம், கடைசியில் 2000 நம்பர் உப்புத்தாளில் ஓரிரு உருட்டு.

கழலவே மாட்டேன் என்றால்

ஊசி ஒட்டிக்கொண்டதா? சக் நட்டைத் தளர்த்தி, மூடிகளை எடுத்துவிட்டு, கிண்ணத்தில் கிளீனர் அல்லது ஐ.பி.ஏ. ஊற்றுங்கள். மூக்குப் பகுதி மட்டும் திரவத்தில் நனையும்படி ஒரு சின்னக் குவளையில் ஏர்பிரஷ்ஷைச் சாய்த்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஊசியை இழுக்காமல் சுழற்றிப் பாருங்கள், துளி அசைந்தாலும் போதும், மறுபடி அரை மணி நேரம். சுழல ஆரம்பித்த பிறகுதான் இழுக்க வேண்டும். என் அனுபவத்தில் மூன்று தடவைக்கு மேல் இது தேவைப்பட்டதில்லை.

நாசில் மரை இறுகிவிட்டால் முன்பக்கத்தை மட்டும் சூடான தண்ணீரில் (கொதிக்க வேண்டாம், கை பொறுக்கும் சூடு) ஐந்து நிமிஷம் பிடித்து, துடைத்து, மரை சேரும் இடத்தில் ஒரு சொட்டு தின்னர் விடுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு சொட்டு என்று இரண்டு மூன்று முறை. பிறகு ஸ்பானரால் கழற்றும் பக்கம் ஒரு துளி, இறுக்கும் பக்கம் ஒரு துளி என்று ஆட்டுங்கள். மரை முறிந்து உள்ளே நின்றுவிட்டால் வீட்டில் வைத்துத் தோண்டாதீர்கள், ஏர்பிரஷ் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

பூட்டி, சோதிப்பது

எல்லாம் முழுக்க உலர்ந்த பின் முதலில் நாசில், அதற்கப்புறம்தான் ஊசி. மரை வகை நாசிலை விரல் நுனியால் இறுகும் வரை திருகி, ஸ்பானரால் ஒரே ஒரு சின்னத் தொடுதல் போதும். ஊசியை, முன்பாதி நனையாமல், பேக்கிங்கும் டிரிகரும் உரசும் இடத்தில் மட்டும் ஏர்பிரஷ் லூப் (அதற்கென்றே விற்கும் மசகு) ஒரு பொட்டு தடவிப் பின்னாலிருந்து விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகும். சிலிக்கோன் ஸ்பிரேயும் வேண்டாம், சாயத்தில் ஒரு துளி கலந்தாலே பூச்சில் மீன்கண் மாதிரி குழி குழியாக விழும். ஊசி நாசிலில் தொட்டு நிற்கும் இடம் கையில் உணர்வாகத் தெரியும், அதற்கு மேல் தள்ளாமல் சக் நட்டை இறுக்குங்கள். அப்புறம் மூடிகள்.

கிண்ணத்தில் வெறும் தண்ணீர் ஊற்றி, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் டிரிகரை அழுத்த மட்டும் செய்யுங்கள், இழுக்க வேண்டாம். கிண்ணத்தில் குமிழி வரக் கூடாது. வந்தால் நாசில் சரியாக உட்காரவில்லை அல்லது பிளந்திருக்கிறது. மரை வழியாகக் கசிகிறதென்றால் தேன்மெழுகு துளி தடவிப் பூட்டினால் நிற்கும். குமிழி இல்லையென்றால் மையை நீர்க்கக் கலந்து பழைய காகிதத்தில் புள்ளிகளும் கோடுகளும் போட்டுப் பாருங்கள். புள்ளி வட்டமாக, நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் நாசில் மூடியை மட்டும் கால் சுற்று திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள். சாய்வும் கூடவே திரும்பினால் அழுக்கு மூடியில் இருக்கிறது, திரும்பாவிட்டால் ஊசி அல்லது நாசிலில். விட்டு விட்டுத் தண்ணீர்ச் சொட்டு வந்தால் ஏர்பிரஷ்ஷைக் குறை சொல்லாதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் கம்ப்ரஸரின் வாட்டர் டிராப் (காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிண்ணம்) சீக்கிரம் நிரம்பிவிடும், திறந்து வடியுங்கள்.

மறுபடி காயாமல் இருக்க

வேலை செய்யும்போது ஸ்டாண்ட் ஃபேனை நேராக மேசைப் பக்கம் திருப்பாதீர்கள், ஊசி முனையில் சாயம் சட்டென்று காயும். அக்ரிலிக்கில் சில சொட்டு ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்துவது) அல்லது ஃப்ளோ இம்ப்ரூவர் (சாயத்தைச் சீராக ஓடவைப்பது) சேர்த்து, சல்லடைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். ஐந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஈரப் பஞ்சுக் குச்சியால் முனையைத் தொட்டெடுங்கள். போன் வந்தால், யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால், கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு முறை அடித்துவிட்டுப் போங்கள், இதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. இரவு வேலை முடிந்தால் தண்ணீர், கிளீனர், வெறும் காற்று, ஊசியை எடுத்துத் துடைப்பது. இதையாவது தூக்கக் கலக்கத்திலும் விடாதீர்கள்.

கலங்கிய தின்னரையும் கிளீனரையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், பின்னால் இருக்கும் லோங்காங்கிலும் (சாக்கடை வாய்க்கால்) வேண்டாம். செந்தூல் பக்கத்து மழைநீர் வாய்க்கால்கள் கோம்பாக் ஆற்றை நோக்கித்தான் போகின்றன, அது மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றோடு கலக்கிறது. போத்தலை மூடி இரண்டு நாள் அசையாமல் வைத்தால் சாயம் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்த தின்னரை அடுத்த முறை முதல் ஊறலுக்கு வைத்துக்கொள்ளலாம். அடியில் இருக்கும் சேற்றை, குழந்தைகளும் பூனையும் எட்டாத திறந்த இடத்தில், பழைய செய்தித்தாளில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, கட்டியானபின் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பட்டறை வைத்து லிட்டர் கணக்கில் தின்னர் செலவழிப்பவர்கள் என்றால் மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிமுறைகள் பொருந்தும், உரிமம் பெற்றவர்களிடம்தான் அதை ஒப்படைக்க வேண்டும்.